ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஓர் அப்சர்வேஷன் நோட்டு இருக்கிறது. ஆய்வகத்தில் அளவெடுக்கும்போது பாலிடெக்னிக் மாணவர்கள் எழுதும் அதே பழுப்பு அட்டை நோட்டுதான். ஆனால் இது மாணவருடையது அல்ல. நடுவில் ஒரு பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஓர் அட்டவணை. இடம், வெப்பநிலை, உள்ளே கொடுத்த மில்லிவோல்ட், வெளியே வந்த மில்லிவோல்ட், கடைசிக் கட்டத்தில் கெய்ன். பர்லியாருக்கு நேராக 0.96. கீழ் கோத்தகிரிக்கு நேராக 0.98. அவலாஞ்சிக்கு நேராக 1.02. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதற்குக் கீழே பச்சை மையில் என் கையெழுத்து. கையெழுத்தின் ஓரத்தில் ஊதாவும் பழுப்பும் கலந்த ஒரு கறை இருக்கிறது. அது போன மாதம் பட்டது. மற்றதெல்லாம் ஒன்பது வருடப் பழசு.

அந்த அட்டவணையை எழுதியவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். உடன்பிறந்தவர் அல்ல. குன்னூர்ப் பக்கம் நான் விரிவுரையாளராகச் சேர்ந்த பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தின் இன்ஸ்ட்ரக்டர். கோயம்புத்தூர் வெயிலில் வளர்ந்த எனக்கு மலையில் முதல் வாரம் விரல் விறைத்துச் சாக்பீஸ் பிடிக்க வரவில்லை. அவர் ஆய்வகத்தின் பெரிய சால்டரிங் அயர்னைச் சூடாக்கி ஸ்டாண்டில் வைத்து, "கையக் கிட்டக் காட்டுங்க அம்மணி, தொட்டுறாதீங்க" என்றார். எங்கள் பக்கம் வீட்டுப் பெண்ணை வாஞ்சையாகக் கூப்பிடுகிற சொல் அது. என் அம்மாவுக்கு அடுத்தபடி என்னை அம்மணி என்று கூப்பிட்டவர் அவர்தான். அப்பிச்சி என்று அவர் சொல்லும் தாத்தா காலத்திலேயே மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வந்துவிட்ட குடும்பம் என்றாலும், பேச்சு அப்படியே கீழே எங்கள் ஊர்ப் பேச்சு. மழைக்காலத்தில் அவர் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்து அரிசிம்பருப்புச் சோறு வரும். ஆய்வகத்தில் அவர் இல்லாத நாளில் எனக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூடக் கிடைக்காது. ஒருவரை நம்புவதற்கு இவ்வளவு போதாதா என்று அப்போது கேட்டிருந்தால், தாராளமாகப் போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பெட்டி செய்தோம். தேயிலைத் தொழிற்சாலையில் பறித்து வந்த இலையை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட வைப்பார்கள். ஈரம் போதிய அளவு போனபிறகுதான் உருளைகளுக்கு அனுப்ப வேண்டும். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. அந்தப் பதத்தைக் கையால் பார்த்துச் சொல்பவர் டீமேக்கர். அவருக்கு உதவியாக, இலைக்குள் இரண்டு ஊசிகளைச் செருகி, இலையில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று முள்ளில் காட்டும் ஒரு மீட்டர். இதுதான் எங்கள் திட்டம். சின்னத் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டுக் கருவிகள் எட்டாது, நாமே செய்துகொடுப்போம் என்று ஆசை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இலையிலிருந்து வரும் மின் சைகை மிகவும் பலவீனமானது. அதை நேராக மீட்டரோடு இணைத்தால், மீட்டர் இழுக்கிற இழுப்பில் சைகை துவண்டு விழுந்துவிடும். அதனால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டரை வைப்போம். அதற்குப் பஃபர் என்று பெயர். ஆம்ப்ளிஃபையர் வகைதான் என்றாலும் அது எதையும் பெரிதாக்காது. மெல்லிய குரலில் ஒருவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் கூட்டத்துக்குக் கேட்கும்படி திருப்பிச் சொல்கிற ஆள் மாதிரி. உள்ளே போன மின்னழுத்தத்தில் எத்தனை பங்கு வெளியே வருகிறது என்பதுதான் கெய்ன். பஃபரில் அது ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். ஒன்றுக்கு மேலே போகாது. கேட்டதைவிட அதிகமாக அது சொல்லவே சொல்லாது. என் வகுப்பில் தூங்கி வழிகிற கடைசி பெஞ்சுக்காரனுக்கும் இந்த ஒன்று மட்டும் நினைவிருக்கும், அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறேன்.

கணக்கு சுலபம்தான். டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் இருக்கும் ரெசிஸ்டர் நாலாயிரத்து எழுநூறு ஓம். மீட்டர் ஆயிரம் ஓம். மீட்டரை மாட்டியபிறகு இரண்டும் சேர்ந்து எண்ணூற்று இருபத்தைந்து ஓம் மாதிரி நிற்கும். இதை மறந்துவிட்டு நாலாயிரத்து எழுநூறையே போட்டுக் கணக்குப் பண்ணுவது மாணவர்கள் வருடா வருடம் செய்கிற தப்பு. டிரான்சிஸ்டருக்கு உள்ளேயே இருக்கும் சிறு தடை இருபத்தாறு ஓம். எண்ணூற்று இருபத்தைந்தை எண்ணூற்று ஐம்பத்தொன்றால் வகுத்தால் 0.97. குளிர் கூடினால் அந்த இருபத்தாறு ஓர் ஓம், இரண்டு ஓம் குறையும். அதனால் கெய்ன் துளி ஏறும். துளி என்றால் மூன்றாவது தசமத்தில். இதையெல்லாம் ஒரு தாளில் பென்சிலால் கணக்குப் போட்டு, பர்லியாரில் இவ்வளவு வர வேண்டும், கீழ் கோத்தகிரியில் இவ்வளவு, அவலாஞ்சியில் இவ்வளவு என்று எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். "குளிர்ல கொஞ்சம் கூடும் அண்ணா, பாத்துக்கங்க" என்று வாயாலும் சொன்னேன். அளவெடுக்கப் போகிறவரிடம் விடையை முன்னாலேயே கொடுக்கக் கூடாது. ஆய்வகத்தில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

மூன்று இடங்களையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். மலையடிவாரத்தை ஒட்டிய பர்லியார் வெக்கைக்கு. கீழ் கோத்தகிரி, பெட்டியை வைக்கப்போகிற இடம் என்பதற்காக. அவலாஞ்சி, குளிருக்கும் பனிமூட்டத்துக்கும். மூட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான் பெட்டியின் லட்சணம் தெரியும் என்று அண்ணனிடம் இரண்டு தடவை சொன்னேன். அவருடைய மச்சான் அங்கே மின்வாரியத்தில் இருந்தார். அந்த வீட்டு வாசலில் பெட்டியை வைத்து ஒரு நாள் முழுக்க அளவெடுத்து வருவதாக ஏற்பாடு.

பர்லியாரிலிருந்து வரும்போது ஒரு பை மங்குஸ்தான் கொண்டுவந்தார். கீழ் கோத்தகிரியிலிருந்து ஒரு பொட்டலம் தேயிலைத் தூள். அவலாஞ்சியிலிருந்து ஒன்றும் கொண்டுவரவில்லை, ஆனால் கதை கொண்டுவந்தார். "என்னா மூட்டங்கறீங்க அம்மணி! நீட்டுன கை தெரியல. மச்சான் ஊட்டு நாயி எங்காலுக்கடியில நிக்குது, எனக்குத் தெரியல, மிதிச்சுப் போட்டேன்" என்று நாயைப் போலவே கத்திக் காட்டினார். ஆய்வகமே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்று சாயங்காலம் நோட்டை நீட்டினார். அட்டவணை சுத்தமாக இருந்தது. துறைத் தலைவர் அறிக்கை கேட்டு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். எண்களைப் பார்க்கவில்லை. அண்ணன் எழுதியதை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

பெட்டியை வைத்தது கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில். அங்கே இருந்த டீமேக்கருக்கு ஐம்பது வயதிருக்கும். தொழிற்சாலைக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ், மனைவி, கல்லூரிக்குப் போகிற ஒரு பெண். தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி இலையை அள்ளி உருண்டையாக அமுக்கி விடுவார். உருண்டை மெதுவாகப் பிரிகிறதா, வெடுக்கென்று பிரிகிறதா என்று பார்த்து, "இன்னும் ரெண்டு மணி நேரம்" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சுக் கிடையாது. எங்கள் பெட்டியைப் பார்த்து அவர் முகம் சுளிப்பார் என்று பயந்துகொண்டே போனேன். அவரோ குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "நல்லதுங்க அம்மணி. நான் லீவு போட்டாப் பொண்டாட்டி புள்ளையோட ஒரு நாளு ஊருக்குப் போயிட்டு வரலாம். பதினஞ்சு வருசமா இந்தத் தொட்டியக் கட்டிக்கிட்டு அழுகறேன்" என்றார். அவரும் அம்மணி என்றுதான் கூப்பிட்டார். முள் இறங்கிப் பச்சைக் கோட்டைத் தொட்டால் இலை பதம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மே மாதம் முழுக்க முள்ளும் அவர் கையும் ஒன்றையே சொல்லின. போனில் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

ஜூன் பிறந்து மூட்டம் இறங்கியது. ஒரு நாள் காலை போன் வந்தது. "ஏனுங்க அம்மணி, கை ஒண்ணு சொல்லுது, முள்ளு ஒண்ணு சொல்லுது. முள்ளு பச்சைக்கு வந்துருச்சு. என்ற கைக்கு எல இன்னும் பச்சையாத்தான் இருக்குது. என்ன பண்றதுங்க?" நான் அப்போது வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவலாஞ்சி மூட்டத்திலேயே சோதித்த பெட்டி என்ற நினைப்பு. ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், "முள்ளையே நம்புங்க. குளிர்ல கை மரத்திருக்கும்" என்று சொன்னேன். அவர் நம்பினார். ஒரு வாரம் நம்பினார். பதம் வராத இலை உருளையில் கூழாகிச் சாறு வழிந்து போனது. அந்த வாரத்துத் தூளைச் சுவை பார்த்தவர்கள் வேண்டாமென்று ஒதுக்கினார்கள். தொழிற்சாலைக்காரர்கள் எங்கள் துறைக்கு ஒரு புகார்க் கடிதம் அனுப்பினார்கள்.

கடிதம் வந்த அன்றுதான் அந்த நோட்டை எடுத்தேன். பெட்டியின் மேல் துளி சந்தேகம் இல்லை. அண்ணன் எடுத்த அளவுகளைக் காட்டி வாயடைக்கலாம் என்றுதான் எடுத்தேன். அவலாஞ்சி, ஒன்பது டிகிரி, உள்ளே 500, வெளியே 510, கெய்ன் 1.02. ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. அடுத்த கணம் புரிந்தது. இப்படி ஓர் எண் எங்கள் பெட்டியில் வரவே வராது. அவலாஞ்சியிலும் வராது, இமயமலையிலும் வராது. ஐந்நூறு கொடுத்தால் ஐந்நூற்றுப் பத்து தருகிற பஃபரை இன்னும் யாரும் செய்யவில்லை. இந்த அளவை யாரும் எடுக்கவில்லை. யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அது எப்படி எழுதப்பட்டது என்பதும் பளிச்சென்று தெரிந்தது. பர்லியார் வெக்கையில் 0.96, கீழ் கோத்தகிரியில் 0.98. குளிரில் கொஞ்சம் கூடும் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவலாஞ்சி இன்னும் குளிர். அப்படியானால் இன்னும் கொஞ்சம் ஏற்று. என் தாளில் இருந்த 0.971-ஐ அப்படியே எழுதினால் காப்பியடித்ததாகத் தெரியும் என்று, நிஜம் போல இருக்கட்டும் என்று ஏற்றி எழுதியிருக்கிறார்.

ஆய்வகத்தில் மாணவர்கள் போனபிறகு அவர் முன்னால் நோட்டை வைத்தேன். அந்த எண்ணில் விரலை வைத்தேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த அதிர்ச்சி எதுவும் இல்லை. மாட்டிக்கொண்ட மாணவனின் அசட்டுச் சிரிப்புதான் இருந்தது. "அவலாஞ்சிக்கு முன்னால எமரால்டு ஊரோட பஸ்ஸ நிறுத்திப்போட்டாங்க அம்மணி. மழைக்கு மரம் விழுந்து கெடந்துச்சு. பொட்டியத் தூக்கிக்கிட்டு எப்பிடிப் போறது? ஊட்டுக்கு வந்துட்டேன்." இன்னொரு நாள் போயிருக்கலாமே என்றேன். "நீங்கதான் விடைய எழுதிக் குடுத்துட்டீங்களே. நம்ம பசங்க எல்லாரும் அப்பிடித்தான எழுதறாங்க? கெய்ன மொதல்ல எழுதிட்டு ரீடிங்கப் பின்னால நெரப்பறாங்க. தெரிஞ்சுதான நீங்களும் கையெழுத்துப் போடறீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சோறு ஆறுது, சாப்பிட வாங்க என்பது போலச் சொன்னார். அந்த நாயை நினைத்துக்கொண்டேன். போகாத ஊரில், பார்க்காத மூட்டத்தில், அவர் காலடியில் மிதிபட்ட அந்த நாய்க்குத்தான் நான் அவ்வளவு சிரித்திருந்தேன்.

மறுநாள் காலை மூட்டம் கட்டடத்தின் பின்படி வரைக்கும் வந்திருந்தது. அதே போலச் செய்து ஆய்வகத்தில் வைத்திருந்த இன்னொரு பெட்டியைத் தூக்கிப்போய்ப் படியில் வைத்து நானே அளவெடுத்தேன். முதலில் ஐந்நூறுக்கு நானூற்று எண்பத்தைந்து. பத்து நிமிடத்தில் நானூற்று அறுபது. அரை மணி நேரத்தில் நானூற்று ஐந்து. 0.81. சர்க்யூட் பலகையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படலமாகப் படிந்து, பலவீனமான சைகையை வழியிலேயே நக்கிவிடுகிறது. இலை வாடாமலே முள் இறங்குகிறது. உள்ளே போய்ப் பலகையைத் துடைத்துக் காயவைத்து, ஜன்னல் கட்டைக்கு அடிக்கிற வார்னிஷை ஒரு பூச்சுப் பூசினேன். அது உலர்ந்ததும் மறுபடி மூட்டத்தில் வைத்தேன். 0.97. ஒரு மணி நேரம் நின்றேன், அசையவில்லை. ஒரு பூச்சு வார்னிஷ்தான் தேவைப்பட்டிருந்தது. அவலாஞ்சிக்கு ஒரு நாள் போயிருந்தால் தெரிந்திருக்கும். படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

துறைத் தலைவர் அறையில் விசாரணை என்று ஒன்று நடந்தது. மூன்று நாற்காலி, மூன்று பேர். அண்ணன் ஒப்புக்கொள்வார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒப்புக்கொண்டவர்தானே. துறைத் தலைவர் நோட்டைக் காட்டிக் கேட்டதும் அவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். "மேடம் எழுதிக் குடுத்ததத்தான் சார் நோட்டுல ஏத்துனேன். மேடம் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டாங்க" என்றார். பென்சில் தாள் எங்கே என்று கேட்டேன். அது எங்கோ போய்விட்டதாம். அதில் 0.971 என்றுதான் இருந்தது என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. துறைத் தலைவருக்கு எது யார் எழுதியது என்பதில் அக்கறை இல்லை, விஷயம் வெளியே போகாமல் இருந்தால் சரி. அண்ணன் பொய் சொன்னதுகூட என்னை அவ்வளவு அறுக்கவில்லை. ஏழு வருடம் அம்மணி என்று கூப்பிட்ட வாய், அந்த அறைக்குள் நுழைந்ததும் மேடம் என்றது. அதை முதல்நாளே மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். நான் அந்தப் படியில் அழுதுகொண்டிருந்த நேரத்தில் அவர் எங்கோ இந்த மேடத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்குப் பின் அவர் ஓய்வு பெறும் வரை நான்கு வருடம் ஒரே ஆய்வகத்தில் இருந்தோம். அவர் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி என் மேசை ஓரத்தில் வைப்பதை நிறுத்தவில்லை. நான் அதில் கை காட்டுவதை நிறுத்திவிட்டேன். அரிசிம்பருப்பு வந்தது, திருப்பி அனுப்பினேன். அவருடைய வழியனுப்பு விழாவில் எல்லாரும் அவர் மலை மாதிரித் துணை நின்றவர் என்று பேசினார்கள். நான் லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கவிழ்த்த மனிதர் என்று அவரைப் பற்றி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் கேட்டவர்கள் என் பக்கம் நின்று உச்சுக் கொட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அவர்களிடம் ஒன்றைச் சொன்னதில்லை. விசாரணை முடிந்த அன்று தொழிற்சாலைக்கு ஒரு பதில் போனது. துறைத் தலைவர் எழுதினார். பெட்டியைச் சோதித்துப் பார்த்ததில் குறை எதுவும் காணப்படவில்லை, கையாண்ட முறையில் பிசகு நேர்ந்திருக்கலாம். அவ்வளவுதான், நாலு வரி. திட்டத்தின் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும் என்றார். நான் 0.81 என்றேன். "இப்ப சரி பண்ணிட்டீங்களே, இப்பக் குறை இல்லதானே?" என்றார். வார்த்தைக்கு வார்த்தை அது உண்மை. என் வேலை, என் பெயர், ஊரில் அப்பாவின் முகம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றியது. அதே பச்சைப் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் டீமேக்கரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று காதில் விழுந்தது. அண்ணனால் வந்த வினை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒன்பது வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கோயம்புத்தூர் போகும் பஸ் பர்லியாரில் டீக்கு நின்றது. மங்குஸ்தான் பருவம். சாலையோரக் கடைகளில் ஊதாப் பழங்களைக் கூம்பு கூம்பாக அடுக்கியிருந்தார்கள். ஒரு கடையில் இருந்தவர் என்னைப் பார்த்து எழுந்தார். "அம்மணி! நல்லா இருக்கறீங்களா?" முடி முழுக்க வெளுத்திருந்தது. குரலை வைத்துத்தான் டீமேக்கர் என்று கண்டுகொண்டேன். பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது, கடை மனைவியின் தம்பியுடையது, தான் கூடமாட இருப்பதாகச் சொன்னார். பக்கத்தில் ஒருவர் பழம் பொறுக்கித் தரச் சொன்னார். "நீங்களே அமுக்கிப் பாத்து எடுத்துக்குங்க. என்ற கைக்குப் பதம் தெரியறதில்லீங்க" என்றார் டீமேக்கர். விளையாட்டாகச் சொல்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. அவர் என் பக்கம் திரும்பி, "அந்தப் பொட்டி இப்பவும் சரியாக் காட்டுதுங்களா? பாவம், உங்களுக்கும் என்னால கெட்ட பேரு" என்றார். பஸ்காரர் ஹார்ன் அடித்தார். நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கல்லாறு வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். கடையில் கூட்டமில்லை. அவர் ஒரு பழத்தின் தோலைப் பிளந்து எனக்குக் கொடுத்தார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டம், வார்னிஷ், அவலாஞ்சி, பஸ். பக்கத்தைத் திறந்து 1.02-ஐக் காட்டி, "இந்த எண் வரவே வராதுங்க. யாரும் எடுக்கல. அந்த வாரம் பொட்டிதான் தப்பாக் காட்டுச்சு" என்றேன். கடிதத்தையும் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எண்கள் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. பிறகு பழச்சாயம் பிடித்த கட்டைவிரலை அட்டவணைக்குக் கீழே வைத்து, "இது யாரு கையெழுத்துங்க?" என்றார்.

"என்னுதுங்க."

"அந்தக் காயிதத்துலயும்?"

"அதுலயும் என்னுதுதாங்க."

அவர் கூம்பிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அமுக்கினார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பக் கை சரியாத்தான் சொல்லியிருக்குது" என்றார். ஆமாங்க என்றேன். "ஊட்டுல அவ எத்தன தடவ சொன்னா, உங்க கை தப்பாதுன்னு. அவளத்தான் திட்டுனேன். படிச்சவங்க செஞ்ச பொட்டி, கண்டதையும் பேசாதேன்னு." குரல் உயரவில்லை. எனக்கு அவர் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. மன்னிப்பு என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. என்னிடம் அப்படிக் கேட்டு வந்திருந்தால் அண்ணனுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். கேட்காமல் நின்றேன். ஊட்டிப் பக்கம் ஏறும் பஸ் வளைவில் தெரிந்தது. அவர் எழுந்து கை காட்டி எனக்காக அதை நிறுத்தினார். நோட்டை மூடி இரண்டு கையாலும் கொடுத்தார்.

"பாத்துப் போங்க மேடம்" என்றார்.

நோட்டைத் திரும்ப இழுப்பறையில்தான் வைத்திருக்கிறேன். நேற்று மாலை எடுத்துப் பார்த்தேன். 1.02 அப்படியே இருக்கிறது. ஒன்பது வருடம் அந்த எண்ணைத்தான் பார்த்து வந்தேன், அதற்குக் கீழே இருந்ததை ஒரு நாளும் பார்க்கவில்லை. மங்குஸ்தான் கறை லேசில் போகாது என்பார்கள். என் கையெழுத்தின் கடைசி எழுத்தை அது பாதி மூடியிருக்கிறது. மீதிப் பாதி நன்றாகவே படிக்க முடிகிறது.